யோருஷிகாவின் ‘எல்மா’: எந்த வரிசையில் கேட்பது, எப்படிக் கோப்பாக்குவது, எதைப் பார்த்து வாங்குவது

நிலாத்தடம்:

ஜப்பானிய இசை இரட்டையர் யோருஷிகாவின் ‘எல்மா’ ஆல்பத்தை மட்டும் கேட்டுவிட்டு “பாட்டெல்லாம் நன்றாக இருக்கிறது, கதைதான் பிடிபடவில்லை” என்று சொல்பவர்களுக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். அந்தத் தட்டு ஒரு கடிதத்துக்கு எழுதிய பதில். கடிதத்தைப் படிக்காமல் பதிலை மட்டும் படித்தால் அப்படித்தான் இருக்கும்.

கடிதம் 2019 ஏப்ரல் 10 அன்று வந்தது: ‘தகரா போகு வா ஓங்காகு ஓ யமேதா’. ‘அதனால்தான் நான் இசையை விட்டேன்’ என்று பொருள். யோருஷிகாவின் முதல் முழுநீள ஆல்பம் அதுதான். அதற்கு முன் 2017, 2018-இல் இரண்டு மினி ஆல்பங்கள் வந்திருந்தன. பதில் சரியாக 140 நாள் கழித்து, அதே ஆண்டு ஆகஸ்ட் 28-இல் வந்தது: ‘எல்மா’. இரண்டிலும் 14 தடங்கள். ஆக மொத்தம் 28.

இரட்டையரைப் பற்றிச் சுருக்கமாக. பாடல் எழுதுவதும் இசைக்கோப்பும் நபுனா. பாடும் குரலைச் செயற்கையாக உருவாக்கும் வோகலாய்டு மென்பொருளில் பாடல் செய்து பெயர் வாங்கியவர். பாடுபவர் ஸுயி. அட்டையில் அவர் பெயரின் ஆங்கில எழுத்துகளைப் பார்த்து ‘சூயிஸ்’ என்று படிக்க வேண்டாம், கடைசி எழுத்துக்கு ஒலி கிடையாது. கிதார் ஷிமோசுரு மித்சுயாசு, பேஸ் கிதானி தாத்சுயா, டிரம்ஸ் மசாக், பியானோ ஹிராஹதா தெத்சுயா. இந்த நால்வர் துணையை எடுத்துவிட்டால் யோருஷிகாவின் ஒலி இல்லை. முக்கியமாக பேஸ். ‘எல்மா’வில் குரலுக்குக் கீழே அது தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டே போகும்.

கதை இது. எய்மி என்ற இளைஞன் இசையை விடுவது என்று முடிவுசெய்து சுவீடனுக்குப் போகிறான். ஊர் ஊராகச் சுற்றியபடியே எல்மாவுக்குக் கடிதங்களும் பாடல்களும் எழுதுகிறான். முதல் ஆல்பம் அந்தப் பாடல்கள். கடிதங்கள் எல்மாவின் கைக்கு வருகின்றன. அவள் அவன் போன வழியிலேயே போய், நாட்குறிப்பு எழுதி, தன் பாடல்களை எழுதுகிறாள். இரண்டாவது ஆல்பம் அவை.

எல்மா எய்மியைப் பார்த்து எழுதுகிறாள். ஆகவே அவளுடைய 14 தடங்களும் அவனுடைய 14 தடங்களின் மேல் அச்சாகப் பொருந்தி உட்கார்கின்றன. முதல் ஆல்பத்துக்கு மு, ‘எல்மா’வுக்கு எ என்று வைத்துக்கொள்வோம்.

மு-1 ‘8/31’, எ-1 ‘வண்டிச் சன்னல்’. இரண்டும் வெறும் இசை.
2: ‘ஐ நிஜோ’, ‘யூ இச்சிஜோ’.
3: ‘ஆகஸ்ட், இன்ன நாள், நிலவொளி’, ‘அந்தி அமைதி, இன்ன நாள், மலர் மயக்கம்’.
4: ‘கவிதை எழுதுபவனும் காப்பியும்’, ‘மழையும் கப்புச்சினோவும்’.

5: ‘7/13’, ‘ஏரி நகரம்’. மறுபடி வெறும் இசை.
6: ‘ஆடுவோம்’, ‘கடவுளின் நடனம்’.
7: ‘ஜூன், மழை விட்ட ஊரை எழுதும்’, ‘மழை வெறித்த’.
8: ‘மே, ஹனாரோகுஷோ சன்னலோரத்திலிருந்து’, ‘நடத்தல்’.
9: ‘போலி இரவு’, ‘மனத்தில் ஓட்டை விழுந்தது’.

10: ‘5/6’, ‘காட்டுத் தேவாலயம்’. வெறும் இசை.
11: ‘பரேட்’, ‘குரல்’.
12: ‘எல்மா’, ‘எய்மி’.

13: ‘4/10’, ‘கடலடி, நிலவொளி’. வெறும் இசை.
14: ‘அதனால்தான் நான் இசையை விட்டேன்’, ‘நாட்டிலஸ்’.

இரண்டு தட்டிலும் வெறும் இசைத் துண்டுகள் 1, 5, 10, 13 ஆகிய இடங்களில்தான் இருக்கின்றன. அவைதான் வாசற்படிகள். ஒவ்வொன்றுக்கும் பிறகு முறையே 3, 4, 2, 1 பாடல்கள். எனவே 28 தடங்களையும் நான்கு அமர்வாகப் பிரித்துக் கேட்பது இயல்பாக அமையும். ஒவ்வொரு அமர்விலும் மு, எ, மு, எ என்று மாற்றி மாற்றி. ஒரே மூச்சில் 28 வேண்டாம். 9-ஆம் இணைக்கு வரும்போது காது சோர்ந்துவிடும், இரண்டு தட்டிலும் ரொம்பக் கவனம் கேட்கும் பாடல்கள் அங்கேதான் தொடங்குகின்றன.

முதல் முறை மட்டும் இணைத்துக் கேட்காதீர்கள். முதல் ஆல்பம் முழுதாக ஒரு நாள், ‘எல்மா’ முழுதாக இன்னொரு நாள், அதற்குப் பிறகே இணை. இரண்டையும் தனித்தனியே அறியாதவருக்கு ஒப்பிட ஒன்றும் இருக்காது.

புதுக்காது:

ரொம்ப நன்றிங்க. ரெண்டு சந்தேகம். ஒண்ணு, 4/10னா அக்டோபர் 4 தானே? அப்போ கதை ஆகஸ்ட்ல ஆரம்பிச்சு அக்டோபர்ல முடியுதுன்னு எடுத்துக்கலாமா? ரெண்டாவது, ஸ்ட்ரீமிங்ல நீங்க சொன்ன மாதிரி பிளேலிஸ்ட் போட்டேன். 5-ஆவது இணை வந்ததும் சத்தம் திடீர்னு கூடுது. ஃபைல்ல கோளாறா?

நிலாத்தடம்:

முதல் கேள்வி முக்கியமானது, நம் ஆட்கள் பலரும் தடுமாறும் இடம். ஜப்பானில் மாதம் முன்னால், நாள் பின்னால். 4/10 என்றால் ஏப்ரல் 10. 5/6 மே 6. 8/31, 7/13 இரண்டில் குழப்பம் வராது, 31-ஆவது மாதம் என்று ஒன்று இல்லை. மற்ற இரண்டையும் நம் வழக்கப்படி படித்தால் கதையே தலைகீழாகிவிடும்.

இப்போது நான்கு தேதிகளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள்: ஆகஸ்ட் 31, ஜூலை 13, மே 6, ஏப்ரல் 10. இடையில் வரும் பாடல்களின் தலைப்பிலும் ஆகஸ்ட், ஜூன், மே. ஆல்பம் கடைசிக் கடிதத்தில் தொடங்கிப் பின்னோக்கிப் போகிறது. கடைசித் தேதியான ஏப்ரல் 10, ஆல்பம் கடைக்கு வந்த தேதியும்கூட.

எனவே “கால வரிசையில் கேட்க வேண்டும்” என்று யாராவது சொன்னால், அது முதல் ஆல்பத்தை 14-லிருந்து 1 வரை தலைகீழாகப் போடுவது. ஒருமுறை செய்து பார்க்கலாம். ஆனால் அதையே வழக்கமாக வைத்துக்கொள்ள நான் சொல்ல மாட்டேன். 14-ஆம் பாடல்தான் ‘ஏன் விட்டேன்’ என்பதற்கான விடை. விடையை முதலில் கேட்டுவிட்டால் மற்ற 13-ம் அதற்கு அடிக்குறிப்பு ஆகிவிடும். பின்னோக்கிப் போகும் வரிசையில், முடிவு தெரிந்த பிறகு காரணத்தைத் தேடிப் போகிறோம். கடிதக் கட்டைக் கையில் வைத்திருக்கும் எல்மாவின் நிலையும் அதுதான்.

சத்தம் கூடுவதைப் பற்றி கோப்புப்பெட்டி சொல்வார்.

கோப்புப்பெட்டி:

ஃபைல்ல கோளாறு இல்ல, நார்மலைசேஷன், அதாவது சத்தத்தைத் தானா சமப்படுத்துற வசதி. ஸ்பாட்டிஃபை மாதிரி சர்வீஸ்ல ஒரு ஆல்பத்தை வரிசையா கேட்டா ஆல்பம் முழுசுக்கும் ஒரே அளவுல சத்தத்தை ஏத்தி இறக்கும். ரெண்டு ஆல்பத்துப் பாட்டைக் கலந்து பிளேலிஸ்ட் போட்டா ஒவ்வொரு தடத்தையும் தனித்தனியா −14 எல்யுஎஃப்எஸ் (உரப்பை அளக்கிற அலகு) பக்கம் கொண்டுவரப் பாக்கும். மெதுவா வாசிச்ச பியானோத் துண்டும் முழு பேண்ட் வாசிச்ச பாட்டும் ஒரே உரப்புக்கு வந்தா, அந்தத் துண்டு இயல்பை விடப் பெரிசா கேக்கும். 1, 5, 10, 13 நாலு இடத்துலயும் இதே தொல்லை வரும்.

செய்ய வேண்டியது மூணு. செட்டிங்ஸ்ல நார்மலைசேஷனை அணைங்க. கிராஸ்ஃபேடை 0 நொடிக்குக் கொண்டுவாங்க, இல்லன்னா ஒரு தடத்தோட வால் அடுத்ததோட தலைமேல ஏறிடும். ஆட்டோபிளேயையும் அணைங்க, எ-14 முடிஞ்ச உடனே வேற யாரோ பாட ஆரம்பிச்சா அந்த மௌனம் போயிடும்.

சொந்தமா சிடியிலிருந்து எடுத்தவங்க ரீப்ளேகெயின் (எவ்வளவு ஏத்தி இறக்கணும்னு ஃபைல்லயே குறிச்சு வைக்கிற முறை) போடறதா இருந்தா, 28 ஃபைலையும் ஒண்ணா தேர்ந்தெடுத்து ‘ஒரே ஆல்பம்’னு ஸ்கேன் பண்ணுங்க. தனித்தனி ஆல்பமா ஸ்கேன் பண்ணா ரெண்டு தட்டுக்கும் ரெண்டு வேற எண் வரும், இணையா கேக்கும்போது ஒரு தட்டு எப்பவும் கொஞ்சம் பெரிசா இருக்கும். அப்புறம் “மு-வை விட எ-தான் உயிரோட இருக்கு”ன்னு தோணும். அது இசையோட வேலை இல்ல, உரப்போட வேலை. ஒப்பிட்டுக் கேக்கறதுல மனசை அதிகமா ஏமாத்துறது இதுதான்.

புதுக்காது:

சிடியிலிருந்து எடுக்கும்போது முதல் தடம் வேற ஒரு ஃபோல்டருக்குள்ள போயிடுது. ‘8’ன்னு ஒரு ஃபோல்டர், உள்ள ‘31’ன்னு ஃபைல். இது ஏன்?

கோப்புப்பெட்டி:

தலைப்புல இருக்கிற சாய்கோடுதான் காரணம். எல்லா இயங்குதளத்துலயும் அந்தக் குறி ஃபோல்டருக்கும் ஃபைலுக்கும் நடுவுல வர்ற பிரிப்பான். தலைப்பை அப்படியே ஃபைல் பெயரா எழுதச் சொன்னா, ஒழுங்கா எழுதப்படாத ஸ்கிரிப்ட் ‘8 என்ற ஃபோல்டருக்குள் 31’னு புரிஞ்சுக்கும். நல்ல மென்பொருள் அதை வேற குறியா மாத்திடும். மியூசிக்பிரெயின்ஸ்ங்கிற இணைய இசைத் தரவுத்தளத்திலிருந்து பெயர் எடுத்துப் போடுற பிகார்டு மென்பொருள் அடிக்கோடா மாத்தும். மேக்ல ஃபைண்டர் சாய்கோட்டை ஏத்துக்கிற மாதிரி காட்டும், உள்ளுக்குள்ள முக்காற்புள்ளியா வெச்சிருக்கும். அந்த ஃபைலை விண்டோஸ்ல படிக்கிற பென்டிரைவுக்குக் காப்பி பண்ணும்போது சிக்கும், ஏன்னா விண்டோஸ்ல முக்காற்புள்ளியும் தடை.

தீர்வு: டேகும் (ஃபைலுக்குள்ள எழுதி வைக்கிற பாட்டு விவரம்) ஃபைல் பெயரும் வேற வேறன்னு மனசுல வெச்சுக்கோங்க. டேகுல தலைப்பு ‘8/31’னு அச்சுல இருக்கிற மாதிரியே இருக்கட்டும், அதுதான் திரையில தெரியும். ஃபைல் பெயர்ல ‘01 8-31’னு சிறுகோடு போடுங்க. சிலர் ஜப்பான் விசைப்பலகையில வர்ற அகலமான சாய்கோட்டைப் போடுவாங்க. பார்க்க அழகு, ஃபைல் அமைப்பும் ஏத்துக்கும். ஆனா தேடல் பெட்டியில சாதாரண சாய்கோடு அடிச்சா அது அகப்படாது.

எக்செல்ல பட்டியல் போடுறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்திய அமைப்புல ‘5/6’னு அடிச்சா ஜூன் 5 ஆயிடும், ‘4/10’ அக்டோபர் 4 ஆயிடும். ‘8/31’, ‘7/13’ ரெண்டையும் மாதம்-வருஷம்னு எடுத்துக்கிட்டு வேற தேதியா மாத்திடலாம். பார்க்கத் தேதி மாதிரியே இருக்கறதால கண்ணுக்குத் தப்பிடும். அடிக்கறதுக்கு முன்னாடியே அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’னு மாத்திடுங்க. மு-3, எ-3, எ-13 தலைப்புகள்ல வர்றது ஜப்பானியக் காற்புள்ளி. அதை நம்ம காற்புள்ளியா மாத்திட்டு, பத்திகளைக் காற்புள்ளியால பிரிக்கிற சிஎஸ்வியா சேமிச்சா, மேற்கோள்குறியைக் கவனிக்காத மென்பொருள்ல ஒரு தலைப்பு ரெண்டு மூணு பத்தியா உடைஞ்சிடும். மாத்தாதீங்க.

சிடியிலிருந்து எடுக்கிற முறை: எக்ஸாக்ட் ஆடியோ காப்பிங்கிற மென்பொருள், செக்யூர் மோடு, ‘டெஸ்ட் அண்ட் காப்பி’. ரெண்டு முறை படிச்ச சிஆர்சியும் (தரவைச் சரிபார்க்கிற எண்) ஒத்துப்போகணும். டிரைவோட ரீட் ஆஃப்செட்டை (படிக்கும்போது எத்தனை சாம்பிள் தள்ளிப் படிக்குதுங்கிற எண்) அக்யுரேட்ரிப் இணையப் பட்டியல்ல மாடல் பெயர் பார்த்துப் போடுங்க. +6, +102, +667 எல்லாம் அடிக்கடி பாக்கற எண்கள், ஆனா ஊகிச்சுப் போடாதீங்க. தடங்களுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியை ‘முந்தைய தடத்தோடு சேர்’ங்கிற அமைப்பிலேயே விடுங்க. அதை ‘விட்டுவிடு’ன்னு மாத்தினா, ஒரு துண்டு முடிஞ்சு அடுத்த பாட்டு எழறதுக்கு முன்னாடி தட்டுல வெச்ச மௌனம் போயிடும். இந்த ரெண்டு ஆல்பத்துலயும் அந்த மௌனம் வேணும்.

சேமிக்கிறது ஃபிளாக், தரம் குறையாத ஃபைல் வகை. எம்பி3தான் வேணும்னா லேம்ங்கிற எம்பி3 ஆக்கும் மென்பொருளைப் பயன்படுத்துங்க. எம்பி3 ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ஆயிரத்துச் சொச்சம் சாம்பிள், அதாவது ஒரு நொடியில 40-ல் ஒரு பங்கு, சும்மா மௌனம் சேரும். லேம் அந்தக் கணக்கைத் தலைப்புல குறிச்சு வைக்கும், அதைப் படிக்கத் தெரிஞ்ச பிளேயர் வெட்டிடும். பழைய கார் ஸ்டீரியோ வெட்டாது.

பெயரெல்லாம் புரியாத லத்தீன் குப்பையா வந்தா, ஷிஃப்ட்-ஜிஸ்ங்கிற பழைய ஜப்பானியக் குறியாக்கத்துல எழுதினதை வேற குறியாக்கத்துல படிக்குதுன்னு அர்த்தம். மியூசிக்பிரெயின்ஸ் பதிவிலிருந்து புதுசா எடுங்க. எம்பி3 டேகோட வடிவமான ஐடி3, பதிப்பு 2.3-ல யுடிஎஃப்-16, 2.4-ல யுடிஎஃப்-8. காருக்கு 2.3தான் பாதுகாப்பு. பெயருக்குப் பதிலா கட்டம் கட்டமா தெரிஞ்சா டேகு சரி, அந்தக் கருவியில ஜப்பானிய எழுத்துரு இல்ல. அதுக்கு ரோமன் எழுத்துல தனியா ஒரு பிரதி வெச்சுக்கிறதுதான் வழி. இணைப் பட்டியலை எம்3யு8 (யுடிஎஃப்-8-ல எழுதுற பிளேலிஸ்ட் ஃபைல்) ஆ சேமிங்க. வெறும் எம்3யு-ன்னா எந்தக் குறியாக்கம்னு பிளேயர் ஊகிக்கும், பாதித் தடம் ‘காணோம்’னு வரும்.

சொல்லாய்வு:

தலைப்புகளின் பொருள் குறித்துச் சில திருத்தங்கள். இணையத்தில் உலவும் மொழிபெயர்ப்புகளில் ஒரே பிழைகள் திரும்பத் திரும்ப வருவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எய்மி என்ற பெயரைப் பார்த்ததும் இயந்திர மொழிபெயர்ப்பு ‘அவள்’ என்று எழுதிவிடுகிறது. எய்மி ஆண். ஜப்பானிய வினைச்சொல்லில் பால் தெரியாது. தமிழில் ‘போனான், போனாள்’ என்று ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். கடிதங்களைத் தமிழாக்க முயல்பவர்கள் முதல் வரிக்கு முன்பே இதை முடிவுசெய்துகொள்ளுங்கள். முதல் ஆல்பத்தின் தலைப்பில் வரும் ‘போகு’ ஆண்பிள்ளைகள் தம்மைச் சுட்டும் பணிவான ‘நான்’. அந்தச் சாயல் நம் ‘நான்’-இல் வராது. மு-6-இன் ஜப்பானியத் தலைப்பின் கடைசியில் வரும் ‘ஸே’ இதற்கு எதிர்ப்புறம்: தோழனின் தோளில் தட்டிச் சொல்லும் உரிமை. ‘ஆடுவோம்’ என்பதை விட ‘ஆடுவோம்டா’ அருகில் வரும். அதற்கு இணையான எ-6-இல் அந்த உரிமைத் தொனி இல்லை, கடவுள் என்ற சொல் வந்துவிடுகிறது.

மு-8-இல் வரும் ‘ஹனாரோகுஷோ’. ‘ஹனா’ என்றால் பூ, ‘ரோகுஷோ’ என்றால் செம்பில் படியும் பச்சைக் களிம்பு. எழுத்துக்கு எழுத்து ‘பூப்பச்சை’ என்று பெயர்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது செம்பும் ஆர்செனிக்கும் சேர்ந்த மரகதப் பச்சை நிறமியின் ஜப்பானியப் பெயர். ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட்டில் 1814 முதல் ஆலையில் தயாரானது, ஐரோப்பாவில் ஓவியத்துக்கும் சுவர்த்தாளுக்கும் பயன்பட்டது, நஞ்சு என்று தெரிந்த பின் கைவிடப்பட்டது. எய்மியின் கதை முடியும் விதத்தோடு தொடர்புள்ள பொருள் இது. எனவே அந்த மே மாதச் சன்னலை அழகிய பச்சைச் சன்னல் என்று மட்டும் படித்தால் பாட்டின் அடிப்பகுதி கையை விட்டுப் போகிறது. தமிழில் ‘நஞ்சுப்பச்சை’ என்பேன்.

எ-3-இன் ‘யூனாகி’யும் அப்படித்தான், பொதுவான ‘மாலை அமைதி’ அன்று. பகலில் கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்று நின்று, இரவில் கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று தொடங்குவதற்கு இடையில் காற்றே இல்லாத சிறுபொழுது. நிலமும் கடலும் ஒரே வெப்பத்துக்கு வரும் நேரத்தில் ஏற்படுவது. எய்மி ஆகஸ்டின் நிலவைச் சொன்ன இடத்தில் எல்மா இந்தக் காற்றில்லாப் பொழுதை வைக்கிறாள். இரு தலைப்பின் நடுவிலும் நிற்கும் ‘போ’ என்பது ‘இன்ன’ என்று நாம் நாளையோ ஊரையோ மறைத்துச் சொல்வதைப் போன்றது.

எ-7 ‘அமே ஹருரு’. ‘ஹருரு’ இன்றைய பேச்சில் இல்லாத வடிவம். இன்றைக்கு ‘ஹரேரு’ என்றுதான் சொல்வார்கள். பழைய இலக்கணத்தில் பெயரெச்சமாக நிற்கும் வடிவத்தைக் கடைசியில் வைத்து, அடுத்து வரவேண்டிய பெயரைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். ஆகவேதான் நிலாத்தடம் ‘மழை வெறித்த’ என்று பாதியில் நிறுத்தியது சரி. ‘மழை வெறித்தது’ என்று முடித்துவிடக் கூடாது.

நிலாத்தடம்:

நஞ்சுப்பச்சையை எடுத்துக்கொள்கிறேன், நன்றி.

இரண்டாம் இணையைப் பற்றியும் சொல்லுங்கள். ‘ஐ நிஜோ’ என்றால் அவுரி நீலத்தின் வர்க்கம். ‘ஐ’ என்ற ஒலி கணிதத்தில் கற்பனை எண்ணின் பெயர், அதன் வர்க்கம் −1. எய்மியின் முதல் பாடலிலேயே ஒரு கழித்தல் குறி இருக்கிறது என்று படிக்கிறேன்.

சொல்லாய்வு:

அந்த வாசிப்பு எனக்கும் உடன்பாடே. ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டால் எ-2-ஐ விளக்க முடியாது. ‘யூ இச்சிஜோ’வில் ‘யூ’ என்பது துயரத்தைக் குறிக்கும் எழுத்து, ‘இச்சிஜோ’ ஒன்றாம் அடுக்கு. எந்த எண்ணையும் ஒன்றாம் அடுக்குக்கு உயர்த்தினால் அதுவேதான் கிடைக்கும். ஒலியை மட்டும் ஆங்கிலக் காதோடு கேளுங்கள்: முன்னதில் ‘நான்’, பின்னதில் ‘நீ’. எய்மி தன்னைத்தானே பெருக்கிக்கொள்கிறான், எல்மா அவனை அப்படியே வைத்திருக்கிறாள். எனக்கு இந்த இரண்டாவது வாசிப்பே வலுவானது, ஏனெனில் இது இணை முழுவதையும் தாங்குகிறது. கழித்தல் குறி ஒரு பாதியை மட்டுமே தாங்குகிறது.

சுருள்நாடா:

வாங்குபவர்களுக்கு. இரண்டு ஆல்பத்துக்கும் முதல் தயாரிப்பு வரையறைப் பதிப்பு (லிமிடெட் எடிஷன்), சாதாரணப் பதிப்பு என்று இரண்டு உண்டு. பாடல்கள் ஒன்றே, ஆனால் கதை முழுதாகக் கிடைப்பது வரையறைப் பதிப்பில்தான். முதல் ஆல்பத்தின் வரையறைப் பதிப்பு எய்மி அனுப்பிய கடிதப் பெட்டியின் வடிவில் இருக்கும், உள்ளே கடிதங்களும் படங்களும். ‘எல்மா’வின் வரையறைப் பதிப்பு அவள் எழுதிய நாட்குறிப்பின் வடிவில். சாதாரணப் பதிப்பில் தட்டும் பாடல்வரிப் புத்தகமும்தான். பாட்டு மட்டும் போதும் என்பவர் சாதாரணப் பதிப்போடு நிறுத்திக்கொள்ளலாம். கதை வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் வாங்கிப் பயனில்லை, பெட்டியும் நாட்குறிப்பும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை.

இப்போது பழைய சரக்குக் கடைகளில்தான் தேட வேண்டும். ஜப்பானியக் கடைக் குறிப்பில் பார்க்க வேண்டிய சொற்கள்: ‘ஓபி நாஷி’ என்றால் உறையின் முதுகில் சுற்றிவரும் காகிதப் பட்டை இல்லை, கேட்பதற்கு இழப்பில்லை, விலை குறைய வேண்டும். ‘கெப்பின்’ என்றால் உள்ளிருக்க வேண்டிய ஏதோ ஒன்று காணவில்லை. கடிதப் பெட்டியில் இந்தச் சொல் இருந்தால் எது இல்லை என்று கேட்காமல் வாங்க வேண்டாம். ‘யாகே’ வெயிலில் காகிதம் பழுத்திருப்பது, ‘ஷிமி’ கறை. இவை இரண்டும் காகிதமே முக்கியமான இந்தப் பதிப்புகளில் தட்டின் கீறலை விடப் பெரிய குறை.

பெட்டி கைக்கு வந்ததும் கடிதங்களை வெளியே எடுக்கும் முன் இருக்கும் வரிசையில் ஒரு படம் எடுத்துவையுங்கள். பின்னோக்கிப் போகும் கதை என்று மேலே சொன்னதால், கலைந்துவிட்டால் அடுக்குவது லேசல்ல. கடலோர ஊர்களில் ஈரப்பதம் காகிதத்தை நெளிய வைக்கும், படங்கள் ஒன்றோடொன்று ஒட்டும். படங்களுக்கு நடுவே அமிலமில்லாத தாள் ஒன்று, மூடும் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம், அது கடிதத்தைத் தொடாமல் ஒரு மூலையில். பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டு ஜெல் வைக்காமல் இருப்பது எல்லாவற்றிலும் மோசம், ஈரத்தையும் சேர்த்துப் பூட்டியதாகிவிடும்.

புதுக்காது:

இவங்களோட ‘சோசாகு’ பழசு ஒண்ணு மலிவா வந்திருக்கு. ஆனா உள்ள சிடி இல்லயாம். வாங்கலாமா?

சுருள்நாடா:

எந்த வகை என்று முதலில் பாருங்கள். 2021 ஜனவரி 27-இல் வந்த அந்த இபி (ஆல்பத்தை விடச் சிறிய தொகுப்பு) இரண்டு வகையாக விற்கப்பட்டது. ஏ வகையில் சிடி உண்டு. பி வகை சிடி இல்லாமலேயே, உறையும் அட்டையுமாக விற்கப்பட்டது. பி வகையில் சிடி இல்லாதது குறையல்ல, அதுதான் அந்தப் படைப்பு. ஏ வகையில் சிடி இல்லையென்றால் வேண்டாம்.

இந்த இரட்டையரிடம் பொட்டலத்தையும் படைப்பாகவே பார்க்க வேண்டும். 2020 ஜூலையில் வந்த ‘தோசாகு’வின் வரையறைப் பதிப்பில் ஒரு நாவலும் ஒரு கேசட்டும் உண்டு, கேசட்டில் கதையில் வரும் சிறுவன் வாசிக்கும் பெத்தோவனின் மூன்லைட் சொனாட்டா. பழையதாக வாங்கினால் ஒலிக்கவிடும் முன் ஒருமுறை கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள், நாடா ஒரே இறுக்கத்துக்கு வரும். ஸ்பீக்கர் காந்தத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். 2023 ஏப்ரலில் வந்த ‘கென்தோ’வில் தட்டே இல்லை, ஓவியப் புத்தகம். படத்துக்கு நேரே போன் கேமராவைக் காட்டினால் பாட்டு ஒலிக்கும். விளக்கு தாளில் பளபளத்தால் படம் பிடிபடாது. பக்கவாட்டு வெளிச்சத்தில் காட்டுங்கள்.

கோப்புப்பெட்டி:

நிலாத்தடத்தோட ஒரு விஷயத்துல மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. எல்லா இணையும் இட எண்படி அச்சாப் பொருந்தும்னு சொன்னீங்க. ‘நிலவொளி’ மு-3-லயும் எ-13-லயும்தான் வருது. மழை மு-7-க்கு எதிரே எ-7-ல வருது, சரி, ஆனா எ-4-லயும் வருது. மழை, நிலவு ரெண்டும் இடம் தாண்டிப் பேசுதே?

நிலாத்தடம்:

ஒப்புக்கொள்கிறேன், ‘அச்சாக’ என்பது மிகை. இட எண் எலும்புக்கூடு. சொற்கள் அதைத் தாண்டிப் போகின்றன. நீங்கள் சொன்ன நிலவொளியைப் பின்பற்றினால் இன்னொரு வழி திறக்கிறது: எய்மியின் ஆகஸ்ட் நிலவு ‘எல்மா’வில் கடலின் அடியில்தான் மறுபடி தென்படுகிறது. மு-3 முடிந்ததும் நேராக எ-13-க்குத் தாவிக் கேட்டுப் பாருங்கள். ஆனால் எ-13 வெறும் இசை, சொல் தலைப்பில் மட்டும்தான்.

கண்ணாடி உண்மையாகவே உடைவது 14-இல். மற்ற எல்லா இடத்திலும் மு எய்மியுடையது, எ எல்மாவுடையது. எ-14 ‘நாட்டிலஸ்’ மட்டும், கதையின்படி, எய்மி அவளுக்காக விட்டுச்சென்ற கடைசிப் பாடல். அவளுடைய ஆல்பத்தை அவன் பாடல் முடித்துவைக்கிறது. ‘வாழ்க்கை கலையைப் பின்பற்றுகிறது’ என்ற ஆஸ்கார் வைல்டின் கருத்து இந்த இரு தட்டுக்கும் அடியில் ஓடுகிறது. 13 இடங்களில் அவள் அவனைப் பின்பற்றி எழுதிவிட்டு, 14-இல் பின்பற்ற ஒன்றும் இல்லாமல் அவனையே கையில் எடுத்து வைக்கிறாள். குரலிலும் இது தெரிகிறது. மு-14-இல் ஸுயி தொண்டையை இறுக்கி வார்த்தைகளை வெளியே தள்ளுகிறார். எ-14-இல் அதே குரல் ஏறக்குறைய மூச்சாக இறங்கித் தொடங்குகிறது.

புதுக்காது:

நாலு அமர்வுக்கும் நேரம் இல்லாத நாள்ல எது மட்டும் போதும்?

நிலாத்தடம்:

கடைசி அமர்வு. மு-13, எ-13, மு-14, எ-14 என்ற வரிசையில். மு-14-க்கும் எ-14-க்கும் நடுவே நிறுத்தாதீர்கள், ஒலியளவையும் தொடாதீர்கள். எ-14 சின்னதாகத் தொடங்கும்போது கை தானாக ஒலியைக் கூட்டப் போகும். கூட்டிவிட்டால் பாட்டு பின்னால் எழும் இடத்தில் அது எழுந்ததே தெரியாது.